பட்டம் பெறாத வீரரும் என் வகுப்பறை நிறக்கோடும்



இலக்கணமும் பாடத்துணைப் பொருள்களும் பற்றி எழுதுகின்றவள் திடீரென்று குத்துச்சண்டைக்குத் தாவிவிட்டாளே என்று நீங்கள் வியக்கலாம். எனக்கும் அந்த விளையாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஒருவர் முகத்தில் இன்னொருவர் குத்துவதைக் காசு கொடுத்துப் பார்க்க மனிதர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ என்று நினைப்பவள் நான்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் தம்பி மகன் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போய் வருகிறான். ஒரு நாள் மாலை, தன் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினான். அகன்ற தோள்களும் நீண்ட கைகளும் கொண்ட ஒரு குள்ளமான கறுப்பின மனிதர் அதில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, இவரு பேரு சாம் லாங்ஃபர்ட். ஹெவிவெயிட் உலகப் பட்டமே வாங்கல. ஆனா பெரிய பெரிய வீரருங்கள்ல இவரும் ஒருத்தருன்னு சொல்றாங்க. பட்டம் வாங்காம எப்படி அத்தை பெரிய ஆளாக முடியும்?"

தேர்ச்சி நிலையையும் புள்ளிகளையும் வைத்தே பிள்ளைகளை அளந்து பழகிய எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். படித்தேன். படித்த பிறகு சில இரவுகள் எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் குத்துச்சண்டை அன்று. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கூட்டிப் பெருக்க வந்தவர்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் வேமவுத் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிறகு அந்நாட்டை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் குடியேறிய ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கேதான் 1880களில் சாம் லாங்ஃபர்ட் பிறந்தார். தந்தையின் அடி உதையைத் தாங்க முடியாமல் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடினார். கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஜோ வுட்மன் என்பவர் குத்துச்சண்டைக் கூடம் ஒன்றையும் நடத்தி வந்தார். அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை லாங்ஃபர்டுக்குக் கிடைத்தது.

பெருக்க வந்த பையன் பயிற்சி செய்வோரைப் பார்த்தே கற்றுக்கொண்டான். 1902ஆம் ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினான். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, லைட்வெயிட் உலக வாகையராக இருந்த ஜோ கான்ஸை 15 சுற்றுகள் மோதி வென்றான். ஆனால், லாங்ஃபர்டின் எடை அந்தப் பிரிவின் வரம்பைத் தாண்டியிருந்ததால் அது பட்டத்துக்கான போட்டியாகக் கருதப்படவில்லை. வென்றான், பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை! 1904இல் வெல்டர்வெயிட் வாகையர் ஜோ வால்காட்டுடன் மோதினான். அந்தப் போட்டி சமநிலையில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. லாங்ஃபர்டே வென்றார் என்று பார்த்தவர்களில் பலர் கருதினர். பட்டமோ வால்காட்டிடமே இருந்துவிட்டது.

லாங்ஃபர்டின் உயரம் ஐந்தரை அடியைச் சற்றே தாண்டும். இருந்தும் பின்னாளில், தம்மைவிட ஓர் அடி வரை உயர்ந்த மனிதர்களை எல்லாம் வீழ்த்தினார். பதிவாகியுள்ள போட்டிகள் மட்டுமே 250க்கும் மேல். இங்கிலாந்து, பிரான்சு, ஆஸ்திரேலியா என்று கடல் கடந்தும் மோதினார். பிற்காலத்தில் உலக வாகையராகப் புகழ்பெற்ற ஜாக் டெம்சி, தாம் அஞ்சிய ஒரே மனிதர் லாங்ஃபர்ட்தான் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இத்தகையவரைப் பத்திரிகைகள் எப்படி அழைத்தன தெரியுமா? "பாஸ்டனின் தார்ப் பொம்மை"! கதை ஒன்றில் வரும், கறுப்புத் தாரால் செய்யப்பட்ட பொம்மையின் பெயர் அது. அவருடைய திறமைக்கு அவர்கள் தேடிக் கண்டுபிடித்த பட்டம் அவருடைய தோலின் நிறம்தான்.

நிறக்கோடு

அக்காலக் குத்துச்சண்டையில் "நிறக்கோடு" என்று ஒரு வழக்கம் இருந்தது. ஹெவிவெயிட் பிரிவின் உலகப் பட்டத்தை வைத்திருக்கும் வெள்ளையர், கறுப்பரோடு அப்பட்டத்துக்காக மோத மாட்டார். இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 1892இல் வாகையர் ஜான் எல். சல்லிவன், கறுப்பர்களோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பின்னர் வந்த ஜேம்ஸ் ஜெஃப்ரீஸும் பட்டத்தை வைத்திருந்த காலத்தில் அதே வழியில் நின்றார். கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு வாகையர் பட்டம் வழங்கப்பட்டு வந்தது. அதை லாங்ஃபர்ட் பலமுறை வென்றார்.

வெள்ளை வீரர்களில் பலர் மோத மறுத்ததால், கறுப்பின வீரர்கள் பிழைப்புக்காகத் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டார்கள். ஹாரி வில்ஸ், சாம் மெக்வே, ஜோ ஜனெட் ஆகிய மூவரில் ஒவ்வொருவருடனும் லாங்ஃபர்ட் பத்து தடவைக்கும் மேல் மோதியிருக்கிறார். ஒரே நண்பர்களை ஆண்டுக்கணக்கில் அடித்தும், அவர்களிடம் அடி வாங்கியும்தான் அவர் சோறு உண்ண வேண்டியிருந்தது.

இதுவரை படித்தபோது எனக்குச் சினம் வந்தது. ஆனால், அது வசதியான சினம். குற்றவாளிகள் வேற்று நாட்டவர், வேற்று இனத்தவர், வேற்றுக் காலத்தவர். அவர்களைத் திட்டிவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கிவிடலாம். அடுத்த பகுதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கதவைத் திறந்தவர், அதைச் சாத்தியவர்

அந்த நிறக்கோட்டை முதன்முதலில் உடைத்தவர் ஜாக் ஜான்சன். டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் 1878இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வாகையர் டாமி பர்ன்ஸை நாடு நாடாகத் துரத்திச் சென்று, 1908 டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவரை மேடையேற வைத்தார். பர்ன்ஸுக்கு 30,000 டாலர். ஜான்சனுக்கோ 5,000 டாலர்தான். அதற்கும் இசைந்தார். 14ஆவது சுற்றில் காவல் துறையினர் போட்டியை நிறுத்தினர். ஹெவிவெயிட் உலகப் பட்டம் முதல் முறையாக ஒரு கறுப்பரிடம் வந்தது.

1910 ஜூலை 4ஆம் நாள், நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட ஜெஃப்ரீஸையும் 15ஆவது சுற்றில் ஜான்சன் வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின. 1913இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு ஒன்று ஜான்சனைக் குற்றவாளி என்றது. வெள்ளையினப் பெண்ணோடு அவர் பழகியதே அவ்வழக்கின் உண்மையான பின்னணி. ஆண்டுக்கணக்கில் வெளிநாடுகளில் அலைந்தார்; 1920இல் திரும்பி வந்து சிறை சென்றார். 2018இல்தான் அவருக்கு அதிபரின் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பட்ட துன்பங்களைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால், அன்பர்களே, பட்டம் கைக்கு வந்த பிறகு ஜான்சன் என்ன செய்தார்?

1906இல், பட்டம் பெறுவதற்கு முன், ஜான்சனும் லாங்ஃபர்டும் ஒரு முறை மோதியிருக்கிறார்கள். ஜான்சன் ஏறத்தாழ 30 பவுண்டு கூடுதல் எடை கொண்டவர். 15 சுற்றுகளின் முடிவில் அவரே வென்றார். அதில் ஐயம் இல்லை. எனினும், கீழே விழுந்தும் எழுந்து வந்து கடைசி வரை நின்ற அந்தச் சிறிய மனிதரின் திறமை என்ன என்பதை அன்று மிக அருகிலிருந்து பார்த்தவரும் ஜான்சன்தான். அதன் பின் லாங்ஃபர்ட் எடையும் அனுபவமும் கூடி, உண்மையான ஹெவிவெயிட் வீரராக வளர்ந்தார். லண்டனில் அவரோடு மோதுவதாக ஜான்சன் ஒப்புக்கொண்டும் இருந்தார். பட்டம் கிடைத்ததும் பின்வாங்கிவிட்டார். இரண்டு கறுப்பர்கள் மோதுவதைக் காண வெள்ளையர் காசு கொடுத்து வர மாட்டார்கள் என்பது அவர் தரப்பு வாதம். ஏழாண்டுகளுக்கும் குறைவான அவருடைய பட்டக் காலத்தில், ஒரே ஒரு கறுப்பின வீரருக்குத்தான் அவர் பட்டப் போட்டியில் வாய்ப்புக் கொடுத்தார். 1913 டிசம்பரில் பாரிஸ் நகரில் அவருடன் மோதிய ஜிம் ஜான்சன் என்பவரே அவர். லாங்ஃபர்ட் இல்லை.

1915 ஏப்ரல் 5ஆம் நாள், ஹவானா நகரில் 26ஆவது சுற்றில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் தோற்றார். பட்டம் மீண்டும் வெள்ளையரிடம் சென்றது. கதவும் சாத்தப்பட்டது. 1937இல் ஜோ லூயிஸ் வரும் வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பட்டத்துக்காக மோதும் வாய்ப்புக் கிட்டவில்லை.

வெளியே நிறுத்தப்படும் வலி எப்படிப்பட்டது என்று ஜான்சனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதே வலியை இன்னொருவருக்குக் கொடுத்தார். இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

என்னுடைய ஜான்சன் வேலை

நான் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நல்ல கறுப்பு நிறம். மூன்றாம் ஆண்டில், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை சொல்லி மலர்ச்செண்டு கொடுக்க என்னைத்தான் பயிற்றுவித்தார்கள். இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். விழாவன்று காலையில் அம்மா என் முகத்தில் இரண்டு தடவை பவுடர் பூசி அனுப்பினார். மண்டபத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்த ஓர் ஆசிரியை, பக்கத்து வகுப்பிலிருந்து சிவப்பாக இருந்த ஒரு பிள்ளையை அழைத்து வந்து நிறுத்தினார். அவள் தாளைப் பார்த்துப் படித்தாள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் திணறிய சொற்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வானபோது, என்னிடம் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று நேர விடமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். உண்மையாகத்தான் எடுத்தேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டிக்கு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமியைக் கயல் என்று வைத்துக்கொள்வோம். ஒல்லியான, கறுத்த பிள்ளை. அவள் கதை சொல்லத் தொடங்கினால் கடைசி வரிசைப் பையன்கள்கூடப் பென்சில் சீவுவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால், நான் வேறொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். சக ஆசிரியர் ஏன் என்று கேட்டபோது, "இந்தப் பிள்ளை மேடைக்கு எடுப்பாக இருப்பாள், நீதிபதிகள் முதலில் முகத்தைத்தானே பார்க்கிறார்கள்" என்றேன்.

பார்த்தீர்களா? குற்றத்தை எவ்வளவு நயமாக நீதிபதிகளின் மேல் போட்டுவிட்டேன்! காசு கொடுக்கும் மக்கள் வர மாட்டார்கள் என்று ஜான்சன் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? கெடுதலை நான் விரும்பவில்லை. ஊர் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்ற பேச்சுத்தான் இரண்டும். நிறக்கோட்டை எப்போதும் வேறு யாரோதான் போட்டிருப்பார்கள். நாம் அதைத் தாண்டாமல் இருந்துவிட்டால் போதும், அது தானே நீண்டுகொண்டு போகும்.

பயிற்சி நாள்களில் அந்தப் பிள்ளை கதையை மறக்கும்போதெல்லாம் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தவள் கயல்தான். அப்போதுகூட, மேடையோரம் நின்ற அந்தப் பழைய மூன்றாம் ஆண்டு மாணவி என் நினைவுக்கு வரவில்லை.

ஹார்லெமின் இருட்டறை

லாங்ஃபர்டின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1917இல் ஒரு போட்டியில் அவருடைய ஒரு கண் பார்வையை இழந்தது. மற்றொரு கண்ணும் மங்கத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, வேறு தொழில் தெரியாது. எதிராளியின் உருவம் நிழலாகத் தெரிந்த நிலையிலும், 1923இல் மெக்சிகோவின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1926இல் ஓய்வு பெற்றார். உலகம் அவரை மறந்தது.

1944இல், ஆல் லேனி என்ற நியூயார்க் செய்தியாளர் அவரைத் தேடிப் புறப்பட்டார். லாங்ஃபர்ட் இறந்துவிட்டார் என்றே பலர் அவரிடம் சொன்னார்கள். இறுதியில் ஹார்லெம் பகுதியில், இருண்ட ஓர் அறையில், இரு கண்களும் தெரியாமல், கையில் சில காசுகளோடு உட்கார்ந்திருந்த லாங்ஃபர்டை அவர் கண்டுபிடித்தார். அவர் எழுதிய கட்டுரையைப் படித்த மக்கள் அனுப்பிய நன்கொடை 10,000 டாலரைத் தாண்டியது. அதைக் கொண்டு லாங்ஃபர்டின் கடைசிக் காலம் ஓரளவு கவலையின்றிக் கழிந்தது. 1956 ஜனவரி 12ஆம் நாள் அவர் காலமானார்.

தமக்காக யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை, தாம் உலகம் சுற்றியவர், மோதிய ஒவ்வொரு போட்டியும் தமக்கு மகிழ்ச்சியே தந்தது என்று அவர் லேனியிடம் கூறினாராம். பலர் இதை வியந்து போற்றுகிறார்கள். நானும் போற்றுகிறேன். ஆனால், பாதிக்கப்பட்டவர் குறை சொல்லவில்லை என்பதால் அநீதி நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அவருடைய பெருந்தன்மை அவருக்குச் சொந்தம். அது ஜான்சனுக்கும், டெம்சிக்கும், எனக்கும் கிடைத்த விடுதலைப் பத்திரம் அன்று.

இப்படி நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் கயல் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். அக்காள் மகனை முதலாம் ஆண்டில் பதிய வந்தவள். வளர்ந்து, வேலைக்குப் போகிறாள். அலுவலக வாசலில் அவளை நிறுத்தி, அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஐயோ டீச்சர், அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல" என்று சிரித்தாள். சற்று நேரம் சும்மா நின்றாள். பிறகு, அந்தப் போட்டிக் கதையின் தொடக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக் காட்டினாள். கைகளை விரிக்க வேண்டிய இடத்தில் கைகளையும் விரித்தாள்.

நான் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு நாம் போடும் கோடுகளை நாம் கோடுகள் என்று அழைப்பதில்லை. "எடுப்பான முகம்", "கொஞ்சம் நிறம் கம்மி", "மேடைக்குச் சரி வராது" என்று பழகிய சொற்களால் அழைக்கிறோம். வீட்டிலும், "வெயிலில் நிற்காதே, கறுத்துவிடுவாய்" என்று நாம் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நம்மில் பலர் இதே சொற்களால் காயம் பட்டவர்கள். காயம் பட்டவர் பிறரைக் காயப்படுத்த மாட்டார் என்பது நம்முடைய நம்பிக்கை மட்டுமே. ஜாக் ஜான்சனின் வாழ்க்கையும் என் வாழ்க்கையும் அதற்குச் சான்றாகவில்லை.

இவ்வாண்டு கதை சொல்லும் போட்டிக்குத் தேர்வு நடத்தியபோது, நாற்காலியைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக வந்து, பெயர் சொல்லாமல் கதை சொன்னார்கள். குரலையும் கதையையும் மட்டும் கேட்டு எண்களைக் குறித்துக்கொண்டேன். முகபாவனைக்கும் புள்ளி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டுதான். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு கற்றுக்கொடுத்துக் கொள்ளலாம். கற்றுக்கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்?

தம்பி மகனின் கேள்விக்கும் விடை சொல்லிவிட்டேன். "பட்டம் வாங்காதவர் இல்லை ஐயா அவர், பட்டத்துக்குப் பக்கத்தில்கூட வர விடப்படாதவர். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப யாரு விடல அத்தை?" என்று கேட்டான்.

ஜான்சனைப் பற்றிச் சொன்னேன். பிறகு கயலைப் பற்றியும் சொன்னேன்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழி